ராஜசேகரன் இருக்காரா?

என் தம்பி ரூபேந்திரன் தினமும் எட்டு மணி நேரம் குளிர் ஜாக்கெட்டுக்குள் இருப்பவன். மலேசியாவில் எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, அவன் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தால் பேச்சே வராது. பேசவேண்டியதையெல்லாம் கம்ப்ரசரிடமே பேசி முடித்துவிடுகிறான் என்று நினைக்கிறேன்.

டிப்ளோமா படித்தவன். ஐந்து வருடமாகியும் சேர்ந்த நாளில் இருந்த அதே பதவிதான். வேறு வேலை தேடி ஆறு மாதத்தில் முப்பத்தோரு இடத்துக்கு மனு போட்டான். ஒருவரும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. அதற்குள் தொழிற்சாலையில் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். மூன்று வருடம், நடுவில் விலக முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மாதக் கடைசியோடு வேலை முடிந்தது.

முதல் பத்து இடத்துக்கு அவன் அனுப்பிய ரெசுமேயை முன்பே வாங்கிப் பார்த்திருந்தேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். ஆனாலும் பிஸ்கட் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக லேபிள் சரிபார்க்கிறேன். ஓர் எழுத்து மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். அந்த ரெசுமேயில் மதம், இரத்த வகை, உயரம், பள்ளியில் ஆறாம் ஆண்டில் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய இரண்டாம் பரிசு எல்லாம் இருந்தன. வேலை என்ற இடத்தில் ஒரே வரி: குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்வது.

"எத்தனை அறைடா?"

"பதினொண்ணு."

"போன வருசம் எத்தனை தடவை கெட்டுப்போச்சு?"

"கெடலையே."

"ஒரு தடவைகூடவா?"

"கெடாம பாத்துக்கத்தானே சம்பளம் தர்றாங்க."

"அதை எழுதியிருக்கலாம்ல?"

"நம்மளே நம்மளப் பத்தி எழுதினா அலட்டிக்கிற மாதிரி இருக்கும்க்கா."

"சாக்கு ஓட்டம் அலட்டல் இல்லையா?"

"அதுக்கு சர்ட்டிபிகேட் இருக்கு லா."

பதினொரு அறை, மைனஸ் பதினெட்டு டிகிரி, ஒரு வருடமாக ஒரு நாளும் நின்றதில்லை. இதையெல்லாம் முதல் பக்கத்தில் ஏற்றினோம். ஜோகூர் பாருவில் அலுவலக வேலை பார்க்கும் அவன் நண்பன் தீபன் ஆங்கிலத்தைத் திருத்தினான். மதம், இரத்தம், சாக்கு மூன்றையும் தூக்கினான். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' என்று வருமே, இன்னார் மகன் என்பதற்கு, அதையும் எடுத்துவிட்டான். "இப்பெல்லாம் சுருக்கமா இருக்கணும்க்கா" என்றான். ரூபேந்திரன் ராஜசேகரன் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து நானும் சரி என்றேன். மீதி இருபத்தோரு இடத்துக்கும் இதுதான் போனது.

தொடர்பு எண் மட்டும் என்னுடையது. குளிர் அறைக்குள் லைன் கிடைக்காது. வெளியே வந்தால் கைப்பேசியை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு வேண்டாத அழைப்புகள் வர ஆரம்பித்தன. தெரியாத நம்பராக இருக்கும். எடுத்தால், "என்சிக் ராஜசேகரன் இருக்காரா?" என்று மலாயில் 'திரு' போட்டுக் கேட்பார்கள். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. செத்தவர் பெயரைச் சொல்லி ஏமாற்றும் கூட்டம் என்று நினைத்து, "அவர் இறந்துட்டார்" என்பேன். மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவார்கள். மோசடிக்காரர்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்களே என்று ஆச்சரியமாக இருக்கும். போலீசில் கொடுக்கலாம் என்று தேதி, நேரம், நம்பர் எல்லாம் நாள்காட்டியில் குறித்து வைத்தேன்.

வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. மறுபடியும் அழைப்பு, இந்த முறை ஒரு பெண்.

"அவர் இறந்துட்டார்" என்றேன்.

"எப்ப?"

"நாலு வருசம் ஆச்சு."

அந்தப் பெண் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "போன திங்கட்கிழமைதானே எங்களுக்கு ரெசுமே அனுப்பியிருக்கார்?"

"எங்க அப்பா எதுக்குங்க ரெசுமே அனுப்பணும்?"

"பதினொரு குளிர் அறை பார்த்தவர்னு போட்டிருக்கே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: 'ஏ/எல்' இல்லாததால் கடைசியில் இருந்த அப்பா பெயரையே அவன் பெயராக எடுத்திருக்கிறார்கள். "அது என் தம்பிங்க. அவன் உயிரோடதான் இருக்கான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே புதன்கிழமை பத்து மணிக்கு அவனை பாசிர் கூடாங்குக்கு வரச் சொன்னார்.

சாயங்காலம் ஒப்பந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"அப்ப இத்தனை நாளா என்னைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கே."

"உன்னையில்லடா, அப்பாவை."

"எத்தனை தடவை?"

நாள்காட்டியைப் பார்த்தேன். "நாலு. அஞ்சாவது தடவை பொழைச்சுட்டே."

மறுநாள் காலை அந்த நான்கு நம்பருக்கும் நானே அழைத்தேன். இரண்டு இடத்தில் ஆள் எடுத்தாகிவிட்டது. ஒருவர் என்னை மோசடிக்காரி என்று நினைத்து வைத்துவிட்டார். செனாய் ஊர் கம்பெனியில் மட்டும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இரண்டு நேர்முகத் தேர்வு, கையில் ஒரு வேலையும் இல்லை. ரூபேந்திரன் ஒப்பந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்குச் சோறு எனக்குத்தான் இறங்கவில்லை. அவன் மூன்று தட்டு சாப்பிட்டான்.

பாசிர் கூடாங்கில், ஒரு வருடமாக எப்படிக் கெடாமல் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டார்களாம். வீட்டில் உப்பு வேண்டும் என்பதற்கே வாய் திறக்காதவன் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறான். செனாய்க்குப் போகவேண்டிய தேவையே வரவில்லை.

போன மாதம் பாசிர் கூடாங்கிலேயே வேலையில் சேர்ந்தான். கழுத்தில் மாட்டும் அட்டையில் 'ராஜசேகரன்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டானாம். அங்கே எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறான்.