புது நம்பர், அவசரம், அழுகைச் சத்தம்

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் தோழியின் அப்பா புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார். ஊர், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே. மதியம் இரண்டு மணிவரை உயிரோடு இருந்தார். அதில் கடைசி நான்கு மணி நேரம் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில். அவருடைய ஒரே மகள் ஒரு மணிவரை அதே கள்ளக்குறிச்சியில், ஆட்டோவில் போனால் பத்து நிமிட தூரத்தில் இருந்தாள். அவள் போய்ச் சேராததற்குக் காரணம் நான். எங்கிருந்து எழுதத் தொடங்கினாலும் இந்த வரிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. மலையிலிருந்து வந்த அந்தத் தோழி இங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருந்தாள், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இன்னொருத்திக்கு ஊர் தியாகதுருகம், துணிக்கடையில் பில் போடுகிறாள். நான் செல்போன் டவர்களின் பழுதுப் புகார்களைப் பதிந்து ஆள் அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள். பதினொன்றரைக்கு பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் டீக்கடையில் கூடுவோம். ஒரு மணிக்கு மலை பஸ் கிளம்பும்வரை பேச்சு.

பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டிவியில் வரும் காமெடி நிகழ்ச்சிகளைத் திட்டுவோம். ஒரு டாக்டர் ஜோக் உண்டு. எனக்கு மறதி ஜாஸ்தி என்பார் நோயாளி, எத்தனை நாளாக என்பார் டாக்டர், எது எத்தனை நாளாக என்பார் நோயாளி. எந்தச் சேனல் திருப்பினாலும் வாரம் ஒரு முறை அது வந்துவிடும்.

"நான் ஆறாவது படிக்கறப்பவே இத போட்டாங்கடி," என்பாள் தியாகதுருகத்துக்காரி. "அந்த டாக்டரு இந்நேரம் ரிட்டயர் ஆயிருப்பாரு."

"ஜோக்கு ரிட்டயர் ஆவல பாரு."

பிறகு பஸ். மலைக்காரி சொல்வாள்: "போன வாரம் கர்ச்சீப் போட்டு சீட்டு புடிச்சேன். ஒருத்தர் அத எடுத்து மொகத்த தொடச்சிக்கினு ஒக்காந்துட்டாரு. நான் இன்னா பண்றது? கச்சிராயபாளையம் வரைக்கும் நின்னுக்கினே போனேன். பக்கத்து சீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி ஜம்முனு படுத்துக்கினு வருது."

அதற்குச் சில மாதங்கள் முன்பு தியாகதுருகத்துக்காரியின் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சிம்மா" என்று அழுதது. மகள் அந்த நேரத்தில் வீட்டுக்குள்தான் தலைவாரிக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் ஏமாந்திருப்பார். அந்த வாரமே நான் ஒரு பட்டியல் போட்டேன். சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்: ஒன்று, புது நம்பர். இரண்டு, பேர் சொல்லாமல் உறவை மட்டும் சொல்வது. மூன்று, அவசரப்படுத்துவது. நான்கு, பின்னால் அழுகைச் சத்தம். இவற்றில் இரண்டு இருந்தாலே அடையாள வார்த்தை கேட்க வேண்டும். அடையாள வார்த்தை, அந்த டாக்டர் ஜோக்கின் கடைசி வரி. சொல்லத் தெரியாவிட்டால் துண்டித்துவிடலாம். மூன்று பேர் போனிலும் புது நம்பர்கள் ஒலிக்காதபடி நானே செட்டிங் மாற்றினேன். என் போனில் மட்டும், அலுவலக வேலைக்காக அதை மறுநாளே எடுத்துவிட்டேன்.

மலைக்காரி அப்போதே தயங்கினாள். "எங்க ஊர்ல யாரும் சொந்த போன்ல பேசறதில்லடி. எந்த போன்ல டவர் எடுக்குதோ, அத வாங்கிப் பேசறதுதான்."

டவர்களைப் பற்றி எனக்கா தெரியாது? அவள் ஊருக்கு ஒரே ஒரு கம்பெனி சிக்னல்தான் எட்டும் என்பது என் கணினித் திரையிலேயே தெரியும். இருந்தும், "உங்க அம்மாவுக்கும் அந்த ஜோக்க சொல்லிக் குடு" என்றேன். அடுத்த முறை போகும்போது சொல்கிறேன் என்றாள். ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டு வருவாள்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அலுவலகத்தில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர், ஆண் குரல்.

"யம்மா, ஒன் கூட படிச்ச பொண்ணுக்கு தகவல் சொல்லணும். அது போன எடுக்க மாட்டேங்குது. அவங்க வூட்ல அடிபட்டுடுச்சி, ஒடனே பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லு."

பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். என் பட்டியலில் நான்குமே இருந்தன. டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டால் நோயாளி என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"இன்னாம்மா கேக்கற நீ? வெளையாட்டா?"

துண்டித்தேன். அந்த நம்பரை பிளாக் செய்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு அடுத்த புகாரைப் பதிந்தேன்.

டீக்கடையில் இதை நடித்துக் காட்டினேன். அந்த ஆளின் பதற்றத்தை, அவன் திகைத்துப் போனதை, பின்னால் கேட்ட அழுகையை. அழுகையைத்தான் இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார்கள்.

"கூட படிச்ச பொண்ணுன்னா அது நானா, இவளா?" என்றாள் தியாகதுருகத்துக்காரி. "பேரு கூட விசாரிக்காம தொழிலுக்கு வந்துட்டான் பாரு."

மலைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்தபடியே போனை எடுத்துப் பார்த்தாள். "ஏழு மிஸ்டு கால்டி. எல்லாம் வேற வேற நம்பரு." ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். "எங்க ஊரு ஆளா இருக்குமோ?"

"ஒரே கும்பலா இருக்கும்," என்றேன். "திருப்பிப் போடாத. எப்படியும் ஊருக்குத்தான போற. போயி கேளு."

ஒரு மணி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மூன்று பேருக்கும் அதில் அவ்வளவு சந்தோஷம்.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ஒரு புது நம்பர். எடுத்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "எது எத்தினி நாளா," என்றது குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒப்பிப்பது போல. பிறகு, "நாந்தான்" என்றாள். வீடு பூட்டியிருந்தது. காலையில் அப்பாவையும் அம்மாவையும் ஜீப்பில் கீழே கொண்டுபோன விஷயத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்த ஜீப்பு டிரைவர் எனக்குப் போன் செய்ததையும் சொல்லியிருக்கிறார்கள். "நீ போயி எங்கம்மாகூட இரு. நான் எறங்கி வர்றேன்" என்று வைத்துவிட்டாள். அப்பா போய்விட்டது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் பிணவறைக்குப் போகும் வழியில், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜீப்பு மதியத்துக்கு முன்பே அடுத்த வாடகைக்காக மலைக்குத் திரும்பிவிட்டிருந்தது. என்னை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருக்கிறார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உடலைக் காலையில்தான் கொடுப்பார்களாம்.

"பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேட்டுக்கினே இருந்தாரு. வர்றவங்க போறவங்க கிட்டலாம் போன் வாங்கிப் போட்டேன், எடுக்கல. டிரைவரு ஒரு நம்பருக்கு போட்டாரு. யாரோ ஒரு பொண்ணு ஏதோ கத கேட்டுட்டு வச்சிட்டுச்சாம்."

சுருக்குப்பையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். என் நம்பர், தோழியின் கையெழுத்தில்.

"அது நான்தாம்மா," என்றேன்.

அவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டார், விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும்.

ஆறரை மணிக்கு அவள் வந்தாள். பஸ் கிடைக்காமல், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த வண்டியில் இறங்கியிருந்தாள். அவளை உள்ளே விட்டார்கள். வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன்பின் என்னருகே வந்து, "சொல்லு" என்றாள். எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். ஏழு மணி, பத்து மணி, பத்து பத்து, இரண்டு மணி. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ டீக்கடையில அழுது காட்டினது எங்கம்மாவயா?"

"ஆமா."

"ரெண்டாவது வாட்டி செய்யச் சொன்னது நான்தான்," என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

காலையில் வண்டி வந்தது. நான் ஒதுங்கி நின்றேன். வா என்று அவள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அம்மாதான், "ஏறு, ஆள் பத்தாது," என்றார். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் அவர் சொன்னது புரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உடல் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், அம்மா இடுப்பை. நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். போர்த்தியிருந்த வேட்டிக்கு வெளியே தெரிந்த பாதங்களில், புளியமரத்துப் பட்டையின் துகள் இன்னும் ஒட்டியிருந்தது. வெள்ளிமலை வரும்வரை நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரைப் பிடித்தபடியே போனோம்.