நோட்டில் எழுதாத சாதம்

முறத்தில் மண்ணச்சநல்லூர் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஓரமாக ஒரு கறுப்புக் கல். எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் கல் அங்கேயும் இருந்தது.

கல் இருந்தது என் இடது கண்ணுக்குள். விழித்திரைப் பாதிப்பு (சர்க்கரை நோயால் கண்ணின் பின்பக்கத்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவது) என்றார்கள் கண் ஆஸ்பத்திரியில். லேசர் சிகிச்சை செய்தார்கள். அது இருக்கிற பார்வையைக் காக்குமே தவிர, போனதைக் கொண்டுவராதாம். வலது கண்ணிலும் கசிவு தொடங்கியிருந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் அதற்கும் இதே கதிதான். பன்னிரண்டு வருடமாக மாத்திரையை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் தின்றவள் நான். யார் மேல் கோபப்படுவது? ஆனாலும் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

கே.கே. நகரில் எனக்குச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டியதோடு சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார். மைதா, பாக்கெட் பண்டம், வெள்ளை அரிசி எல்லாவற்றையும் குறைத்து, முழுசாக இருப்பதைச் சாப்பிட வேண்டும். பச்சைமலைச் சாமை, தோலோடு பயறு, கீரை, காய். சாமையும் ஒரு வேளைக்கு ஒரு கப்தான். தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

எழுதினேன். கீரை ஆய்வதும், பயறு ஊற வைப்பதும், சாமையில் கல் அரிப்பதுமாகப் பொழுது போனது. மென்று மென்று தாடை வலித்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. போனால் இலையைப் பார்த்து அழுகை வரும். மூன்று மாதம் கழித்து ஏ ஒன் சி சோதனை (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) செய்தால், இம்மியும் இறங்கவில்லை.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. வேற எதுவும் சாப்பிடலையாம்மா?"

"சத்தியமா இல்லை டாக்டர். பிரசாதம் மட்டும்தான்."

"எந்தக் கோயில்ல?"

"கோயில் இல்லை, எங்காத்துலதான்."

எங்கள் வீட்டில் சமைப்பது எங்களுக்காக இல்லை, பெருமாளுக்காக. அவருக்குப் படைத்த பிறகே எங்களுக்கு. ஏழு பேர் இருந்த காலத்து வெண்கலப் பானையில் அப்போதும் தினமும் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். இருந்தது நானும் என் கணவரும்தான். படைத்ததைக் கொட்டக் கூடாது. கணவர் சாப்பிட்டது போக மீந்ததை மத்தியானம் நெய் விட்டு, சாயங்காலம் தயிர் விட்டு நான்தான் தீர்ப்பேன். சாமை தனியாக, எனக்கு மட்டும் வேகும். அது பத்தியம், இது பிரசாதம். நோட்டில் எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பெருமாளுக்குப் படைச்சாலும் உங்க ரத்தத்துக்கு அது சாதம்தாங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், நாளையிலிருந்து எனக்குப் பிரசாதம் வேண்டாம் என்றேன். நாற்பது வருடமாக ஒரு நாள் விடாமல் வீட்டுப் பெருமாளுக்குப் பூஜை செய்கிறவர்.

"பெருமாள் அமுது செஞ்ச பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதா?"

"கண் இருந்தாத்தானே அவரைச் சேவிக்க முடியும்? உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவேள்!"

கத்திவிட்டேன். அழுதும் விட்டேன். அவர் எழுந்து போனார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால், அடுப்பருகே ஈர வேட்டியோடு நிற்கிறார். ஒரு நாளும் அடுப்பைத் தொடாத மனிதர்.

"உன் சாமை எத்தனை நாழி வேகணும்?"

"எதுக்கு?"

"பெருமாளுக்குத்தான்."

"உங்கப்பா இருந்தா ஒத்துண்டிருப்பாரா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ தண்ணி எவ்வளவுன்னு சொல்லு."

சாமையையும் கீரையையும் படைத்துவிட்டு வந்து, என் கப்பில் கூம்பாக எடுத்தார். "தலை தட்டுங்கோ" என்றேன். விரலால் வழித்துவிட்டுத் தட்டில் போட்டார். குழைந்து போயிருந்தது. அன்று நோட்டில் எழுதினேன்: பிரசாதம், ஒரு கப். வெண்கலப் பானை பரணுக்குப் போனது.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. வலது கண்ணில் கசிவு அதற்கு மேல் போகவில்லை. இப்போதைக்கு, என்றார்கள். உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் ஒன்று சொல்வேன். சாப்பாடு என்றே நினைக்காமல் எதைச் சாப்பிடுகிறீர்களோ, அதை முதலில் எழுதுங்கள். சலிப்பு போய்விடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். எனக்குப் போகவில்லை. வருடம் என்பது இப்போது நான்கு ரத்தப் பரிசோதனைதான்.

இடது கண்ணில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. கோயிலில் சேவிக்க நின்றால் பெருமாளின் முகத்தின் மேலேயே வந்து நிற்கும். முன்பெல்லாம் கண்ணைக் கசக்குவேன். இப்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, அது நகரும்வரை நிற்கிறேன். பின்னால் வரிசையில் இருப்பவர்கள் நகரச் சொல்கிறார்கள். முகம் தெரிந்த பிறகுதான் நகர்கிறேன்.