தேயிலையைத் தின்ற பிறகு

இந்த ரங்கூனில் தேயிலையைக் குடிப்பதோடு விடமாட்டார்கள், ஊறவைத்துத் தின்னவும் செய்வார்கள். எண்ணெயும் வறுத்த பூண்டும் பயறும் சேர்த்துப் பிசைந்த அந்த லப்பெ இல்லாத வீடில்லை. பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் பள்ளியில் சரித்திரம் கற்பிக்க வந்த எனக்கு முதலில் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினையாயிற்று.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி நம்மவர்களின் சங்கம் நடத்திய வாசகசாலை இருந்தது. ஒரே கூடம். பட்டாளத்து ஆட்சி வந்து கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் அங்கே மட்டும் வாய்விட்டுப் பேச முடிந்தது. ஓய்வுபெற்ற பர்மிய வக்கீல் ஊ டின் மாலையில் வருவார், வாத்தியாரான என்னைச் சயா என்று கூப்பிடுவார். கோர்ட்டில் நம் குமாஸ்தாக்களோடு பழகியதில் தமிழ் சரளமாக வரும். அமெரிக்காவை நிறுவியவர்களைப் பற்றி எங்களுக்குள் ஓயாத வழக்கு. ஆளப்படுகிறவன் சம்மதிக்காத ஆட்சிக்கு நியாயமில்லை, அதிகாரத்தை ஒரே கையில் விடக்கூடாது என்று அவர்கள் எழுதியது எனக்கு வேதவாக்கு. இன்று அந்த நாட்டில் பழமையைக் காப்போம் என்கிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டு, அரசு கையைச் சுருக்கிக்கொள்ளட்டும், சங்கமும் சபையும் மக்களிடமே இருக்கட்டும் என்கிறார்கள். ஊ டின் சிரிப்பார். கலகக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கட்டுப்பெட்டிகளாகிவிட்டார்கள் என்பார். எழுதிய சட்டத்தைவிட ஊர் வழக்கம்தான் மனிதனைக் கட்டும் என்பது அவர் கட்சி.

சென்ற மாதம் அரசாங்கத்தார் கூடத்தைக் கூட்டுறவுக் கடைக்குக் கேட்டார்கள். வட்டார அதிகாரி வீட்டில் பேச்சு. வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். மாந்தளைப் பக்கத்துக் கிராமத்துக்காரரான அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. கூடம் கடைக்கு, புத்தகங்கள் பின்தாழ்வாரத்துக்கு என்று முடித்தார். என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லப்பெத் தட்டு வந்தது. கூட்டுறவுக்காரர்கள் எடுத்தார்கள். ஊ டின் தொடவில்லை, என் முழங்காலை அழுத்தினார். சீக்கிரம் எடு, மரியாதை கெடும் என்கிறார் என்று நினைத்தேன். வைத்ததை ஒதுக்குவது நம் வளர்ப்பில் இல்லையே. ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்து, சங்கத்தாரின் சம்மதமில்லாமல் இது செல்லாது என்றேன்.

அதிகாரி கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய், வாத்தியார் இப்போதுதானே லப்பெ தின்றார் என்று மற்றவர்களைக் கேட்டார். அத்தோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

தெருவுக்கு வந்ததும் ஊ டின் சொன்னார்: "அவங்க ஊருல தீர்ப்பு சொன்னதும் லப்பெ வைப்பாங்க, சயா. தின்னுட்டா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். ராசா காலத்து வழக்கம். நான் காலை அழுத்துனது வேணாம்னு."

சட்டப் புத்தகங்களைத் தூக்கியெறிந்த பட்டாளத்துப் புரட்சி இந்த ஒரு பழமையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

புத்தகங்கள் இப்போது தாழ்வாரத்தில் சாரலில் நனைகின்றன. கடைகளை இழந்த நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேறுகிறார்கள். போகச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை, இருக்கச் சம்மதமா என்று என்னையும் கேட்கவில்லை. நேற்று ஊ டின் வீட்டில் அவர் மனைவி லப்பெத் தட்டை நீட்டினார். எடுக்கப் போன என் கை பாதியில் நின்றது. எடுத்தால் எதற்கு ஒப்புக்கொள்கிறேனோ என்ற பயம். எடுக்காவிட்டால் இது என்ன வளர்ப்பு என்று பாளையங்கோட்டை கேட்கும். அந்த அம்மாள் முகம் வாடுவதைப் பார்த்தபடியே, கையைத் தட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.