மதம் என்ற கட்டம்

விண்ணப்பத்தை மடமடவென்று நிரப்பிக்கொண்டு வந்தவள், 'மதம்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். எனக்குக் கப்பலூர் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. சனிக்கிழமைகளில் நடக்கும் இறையியல் வகுப்புக்குச் சாமியார், சிஸ்டர் அல்லாதவர்களையும் சேர்க்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்த நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. "சாமியாராப் போறவுக படிக்கிற படிப்பு ஒனக்கெதுக்கு?" என்று தெருவில் சிரித்தார்கள். எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

டிகிரியோடு திருமுழுக்குச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள். பிறந்த நாற்பதாம் நாளே கோயிலில் எனக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது. தம்பிக்கும் அப்படியே. ஆனால் பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீஸிலும் நாங்கள் இந்து. கிறிஸ்தவர் என்றால் எஸ்.சி. சான்றிதழ் செல்லாது. மதம் மாறினால் சாதி போய்விடுமாம்! எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுச் சட்டம் போட்டிருக்கலாம்.

அந்த வாரம்தான் தம்பி அரசுத் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தான்.

"அந்தப் பேப்பர வெளிய எடுத்தீன்னா அவன் மேல எவனாச்சும் பெட்டிசன் போட மாட்டானா?" என்றாள் அம்மா. "எம்புட்டு வருசமாப் படிச்சான்!"

"அப்ப நான் படிக்க வேணாமா?"

"படி, யாரு வேணாம்னா? சும்மா போயி ஒக்காந்து கேட்டுட்டு வா."

தம்பி வாயைத் திறந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. 'இந்து' என்று எழுதினேன்.

ஒத்தக்கடை தாண்டி இருந்த அந்தக் கல்லூரியில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர் யாருமில்லை. பொறுப்பிலிருந்த ஃபாதர் சந்தோஷமாகவே சேர்த்துக்கொண்டார். "பிற மதத்தவங்க தேடி வர்றது எங்களுக்குப் பெருமைம்மா." விருந்தினர் மாணவி என்று பெயர். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. போகட்டும் என்று விட்டேன்.

பூசையைத்தான் தாங்க முடியவில்லை. வகுப்புக்கு முன்னால் பூசை நடக்கும். முதல் சனிக்கிழமை, திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டும் தரும் நன்மை அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்தபோது, பழக்கத்தில் நானும் எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த சிஸ்டர் என் கையைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார். "நீங்க இருங்கம்மா, இது எங்களுக்கு." சிரித்த முகமாகத்தான் சொன்னார். எங்கள் ஆனையூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுதேன். அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் வரிசையில் போவதை உட்கார்ந்தபடி பார்த்தேன்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. நன்றாகவே இருக்கிறான். அவன்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்று வருடம் ஓடியது. கடைசி வகுப்பு முடிந்ததும் அதே ஃபாதர் என்னைத் தனியே அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஒரு சனிக்கிழமை விடாம வந்தீங்க. இம்புட்டும் கேட்ட பெறகு, திருமுழுக்கு வாங்கணும்னு ஒரு நாளாச்சும் தோணலையாம்மா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. தம்பியின் வேலையை நினைத்து விழுங்கினேன்.

"தோணல ஃபாதர்."

அவர் முகம் வாடிவிட்டது. "பரவாயில்ல. வற்புறுத்துறதா நெனைக்காதீங்க" என்றவர், எனக்காக ஒரு ஜெபம் சொல்லலாமா, என் சாமிக்கு ஒன்றும் வருத்தமில்லையே என்று அனுமதி கேட்டார். தலையாட்டினேன். அவர் "பிதா, சுதன்" என்று தொடங்கியதும் என் வலது கை சிலுவை போடத் தானாக நெற்றிக்கு எழும்பியது. இடது கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.