தொட்டியோரம் கிடந்த மெத்தை

இந்த ஊரில் குப்பைக்கும் கிழமை உண்டு. சாம்பல் நிறத் தொட்டியைச் செவ்வாயன்றும் பச்சைத் தொட்டியை வெள்ளியன்றும் காலி செய்வார்கள். ஊரிலிருக்கும் உங்களிடம் சொன்னால், கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுபோலக் குப்பைக்கும் பார்க்கிறார்களா என்று சிரிப்பீர்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். பிறகு சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவான தொட்டிகள் இருக்கின்றன. மூடியைத் திறக்கக்கூடச் சோம்பல்பட்டுப் பைகளையும் கிழிந்த சோபாக்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். இப்படிக் கண்ட இடத்தில் போடுவதற்கு இங்கே ‘ஃப்ளை டிப்பிங்’ என்று பெயர். படம் பிடித்து, இந்த ஊர் நகராட்சியான கவுன்சிலுக்குப் புகார் அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

என் கணவர் ராஜேந்திரன் சமையலறை ஜன்னலில் நின்று கிண்டல் செய்வார். “நம்ம குத்தாலத்துல வாய்க்கால் கரை பூரா குப்பை. அங்க வாயத் தொறக்காதவ, இங்க வந்து பஞ்சாயத்துத் தலைவரா ஆயிட்ட!” எனக்குச் சுருக்கென்றிருக்கும். அந்தக் கரையில் நானும் கொட்டியவள்தானே.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். கடைசி மாதங்கள் முழுக்க ஒற்றைக் கட்டில் மெத்தையில்தான் கிடந்தார். கருமாதி முடிந்ததும் மகனும் நானுமாக அந்த மெத்தையைத் தூக்கிப் போய்த் தொட்டியோரம் சாய்த்துவிட்டு வந்தோம். மகன் மாலையே தன் ஊருக்கு ரயிலேறிவிட்டான். இறந்தவர் கிடந்த படுக்கை வீட்டில் இருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. குத்தாலத்தில் மாமனார் இறந்தபோது அவருடைய பாயையும் தலையணையையும் இவர்தான் காவிரிக் கரையில் போட்டுவிட்டு, முழுக்குப் போட்டு வந்தார். போட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. வெளியே போனது மறுபடி வீட்டுக்குள் வரவும் கூடாது. ஈர வேட்டியோடு கொல்லைப்புறம் வந்து நின்றவர் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: “திரும்பிப் பாத்துட்டேன் கமலா. அப்பா தலையணைய நாய் இழுத்துக்கிட்டுப் போவுது.”

நாலைந்து நாள் மழைக்குப் பிறகு மேல்வீட்டு மார்கரெட் வந்து கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள்தான் புகார் விஷயத்தில் என் கூட்டாளி.

“பாருங்க கமலா, திரும்பவும் வேலையக் காட்டிட்டாங்க. புகாரை நீங்க எழுதினாத்தான் நல்லாருக்கும்” என்று போனை நீட்டினார். படத்தில் மெத்தை நனைந்து கிடந்தது. என் கணவர் காபி கொட்டிய கறை தெளிவாகத் தெரிந்தது.

“அது எங்க வீட்டுது. அவர் படுத்திருந்தது” என்றேன்.

மார்கரெட்டின் முகம் மாறிவிட்டது. வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது என்றுதான் அவர் புரிந்துகொண்டார்.

“அதுக்காக அவரோடத மழையில விடலாமா? வண்டி வர்ற வரைக்கும் உள்ள வெச்சுக்கலாம். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.”

அங்கேயே கவுன்சிலுக்குப் போன் போட்டு, பெரிய சாமான் எடுக்கும் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் கையுறையோடு கீழே இறங்கிவிட்டார். முட்டிவலிக்காரர் எனக்காக மூச்சு வாங்கத் தூக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெளியே போனது உள்ளே வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்தது. ஊராக இருந்தால் யாராவது ஓடிவந்து அதட்டியிருப்பார்கள். அதட்டக்கூட ஆளில்லையே என்று மார்கரெட் போனபிறகு அழுதேன். அழுது முடித்து மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஈர வாடையோடு என் கணவர் தடவிய தைலத்தின் வாடையும் வந்தது. நாள் கணக்காகக் காலியாகக் கிடந்த வீட்டில் யாரோ இருப்பதுபோல இருந்தது. தப்புதான், ஆனால் வண்டி வராமலே போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

வண்டி சொன்னபடி வந்தது. இரண்டு பேர் மெத்தையை வெளியே தூக்கிப் போய் வண்டியில் வீசினார்கள். நான் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். அவர் நின்று கிண்டல் செய்யும் அதே ஜன்னலில் நின்று, வண்டி தெருமுனையில் மறையும்வரை பார்த்தேன்.

பிறகு குழாயைத் திறந்து தலைக்குக் குளித்தேன். ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்து, “நானும் திரும்பிப் பாத்துட்டேங்க” என்றேன். சுவரில் மெத்தை சாய்ந்திருந்த இடம் இன்னும் காயவில்லை.