டயருக்கடியில் உப்புமா

என் கணவர் பனியைப் பற்றித் தன் முதல் கருத்தைச் சொன்னது டெக்ஸாஸில். அப்போது ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருந்தோம். வெளியே தார் இளகும் வெயில், வீட்டுக்குள் ஏ.சி. அதுவரை அவர் பனியைப் பார்த்தது ஃப்ரீசருக்குள் மட்டும்தான். "ஸ்னோவெல்லாம் ஒரு மேட்டரே இல்ல. டயர் கரெக்டா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். நியூ ஜெர்ஸியில் அவருக்குப் புது வேலை உறுதியாகியிருந்த வாரம் அது.

அந்த வாரமே தன்னுடைய உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டயர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். காடு மேடு, வயல், எண்ணெய்க் கிணற்றுச் சேறு என்று எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கும் டயர் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பனியில் எப்படிப் போகும் என்று இவர் கேட்டார். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த ஊரில் இதுவரை யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்றார். அதைப் பிரமாதமாகப் போகும் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு நான்கு டயரையும் மாற்றிவிட்டு வந்தார் என் கணவர்.

டயரின் மேல் கட்டை கட்டையாக, இட்லி அளவுக்கு ரப்பர் புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இட்லிக்கு நடுவே கையையே விடலாம். ஃப்ரீவேயில் ஏறினால் வெட் கிரைண்டர் ஓடுகிற சத்தம். டெக்ஸாஸிலிருந்து நியூ ஜெர்ஸி வரை நாங்கள் இருவரும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொண்டு வந்தோம். நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. குளிரில் ரப்பர் இறுகிப்போகும், இறுகினால் பிடிப்பு இருக்காது என்று கத்தினேன். "அதுக்குத்தான் பள்ளம் பள்ளமா இருக்கே" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். பள்ளத்துக்குள் பனி போய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நியூ ஜெர்ஸியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கீழே நான்கு பேச்சுலர்கள் இருந்தார்கள். நால்வரும் சென்னையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய கம்ப்யூட்டர்க்காரர்கள். வண்டி இல்லாதவர்கள், ஆகவே இவருக்கு வாய்த்த நல்ல ரசிகர்கள். தினமும் சாயங்காலம் பார்க்கிங் லாட்டில் நின்றுகொண்டு டயரைப் பற்றி அவர்களுக்குப் பாடம் நடக்கும். இந்தியக் கடைகள் இருக்கும் ஐசலினுக்கு மளிகை வாங்கப் போனால்கூடக் கடைக்குள் வருகிறவர்கள் டயரைப் பார்க்கிற மாதிரி திருப்பித்தான் நிறுத்துவார். டிசம்பர் போயிற்று, பனி வரவில்லை. டி.வி.யில் வானிலை சொல்லும் பெண்மணியைத் தன்னை ஏமாற்றிவிட்டவளைப் போல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த நேரத்தில் எனக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பட்டத்தைச் சூட்கேஸில் வைத்துப் பூட்டிவிட்டு, மத்தியான சீரியல் பார்த்து அமெரிக்கக் குடும்பங்களில் யார் யாரை விட்டுப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டிருந்தேன். கிரீன் கார்டு வந்த மறுநாளே விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். யாரும் பதில் போடவில்லை. மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடம் மட்டும் கூப்பிட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டும், அன்றைக்கே முடிவு செய்துவிடுவோம் என்றார் மேனேஜர். அந்த வேலையை விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

எனக்கு லைசன்ஸ் இருந்தது. ஹூஸ்டனில் டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் ஓட்டி வாங்கியது. ஆனால் எங்கள் வண்டியை நான் தொடக் கூடாது. "இது ஹெவி வண்டிம்மா, உனக்குச் சரிப்படாது. நான் எதுக்கு இருக்கேன்" என்பார். பால் வாங்கப் போவதென்றாலும் அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருப்பேன்.

புதன்கிழமை ராத்திரி பனி கொட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் பார்க்கிங் லாட்டில் கார் எது, குப்பைத்தொட்டி எது என்று தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன், மெஷின்தான் பேசியது. ஆபீஸ் உண்டா இல்லையா என்று தெரியாது. உண்டு என்றால் நான் அங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டேன். என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தீபாவளி வந்த மாதிரி இருந்தார்.

"இன்னிக்குப் பாரு நம்ம வண்டிய" என்றவர், கிளம்புகிற நேரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். புது டயர் போட்ட பிறகு பூஜை போடவில்லையாம், வீடு மாற்றுகிற அவசரத்தில் விட்டுப்போய்விட்டதாம். முதல் இன்டர்வியூவுக்குப் போகிறபோது அப்படியே போகலாமா என்றார். எனக்கும் பயம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். வண்டியைச் சுற்றிப் பனியை அள்ளி, ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் ஒரு பழத்தை வைத்து, கும்பிட்டு, ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். நான்கு சக்கரமும் சுற்றின. பழமும் கூடவே சுற்றியது. வண்டி முன்னால் ஏறவில்லை, பழம் நசுங்கவில்லை. நன்றாகப் பனிக்குள் புதைந்துகொண்டது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் பழம் நசுங்காமல் வண்டியை எடுக்கக் கூடாதே. கொஞ்சம் பின்னால் போனார், முன்னால் வந்தார். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். இட்லிகளுக்கு நடுவே இருந்த பள்ளமெல்லாம் பனி அடைத்து டயர் மொழுக்கென்று ஆகிவிட்டது. அதற்குக் கீழே இருந்த பனியோ தேய்ந்து தேய்ந்து கிரானைட் தரையாகிவிட்டது. கடைசியில் வண்டி பின்னாலும் போகவில்லை. எதிர் பிளாக்கில் இருந்த நர்ஸ் அம்மாள் தன் பழைய சின்னக் காரில், ஒல்லியான ஸ்னோ டயரில், எங்களைத் தாண்டி டியூட்டிக்குப் போனார். உதவி வேண்டுமா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார். வேண்டாம் என்று என் கணவர் கெத்தாகக் கையசைத்தார். அந்த அம்மாள் போனபின்தான் எனக்கு அழுகை வந்தது.

பேச்சுலர்கள் நால்வரும் இருக்கிற சட்டையையெல்லாம் மாட்டிக்கொண்டு கீழே வந்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. "அண்ணா, சுடுதண்ணி ஊத்தினா ஐஸ் கரைஞ்சுடும்" என்றான் ஒருவன். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே ஓடிப்போய் என் கணவர் ஒரு குக்கர் நிறைய வெந்நீரோடு வந்து ஊற்றினார். ஆவி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் அது உறைந்து முன்னைவிட நல்ல ஐஸ் ஆகியது. உப்பு போட்டால் ஐஸ் இளகும் என்று நான் சொன்னேன், அது உண்மைதான். வீட்டிலிருந்த தூள் உப்பு முழுவதையும் கொட்டினோம். நான்கு டயருக்கு அது எந்த மூலைக்கு? டயருக்கடியில் மணல் மாதிரி ஏதாவது போட்டால் பிடிக்கும் என்றான் இன்னொருவன். மணல் இல்லை. என் கணவர் சமையலறைக்குப் போய், அந்த வாரம்தான் வாங்கிய ரவைப் பையைத் தூக்கி வந்தார்.

"அதை வைங்க, டிபனுக்கு வேணும்" என்றேன்.

"இன்டர்வியூ முக்கியமா, உப்புமா முக்கியமா?" என்றார்.

தூவினார். உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பிடித்தது, வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அந்த உற்சாகத்தில் இன்னொரு குக்கர் வெந்நீரை ஊற்றிவிட்டார்கள். ரவை ஊறி உப்பிக் கட்டியாகியது. அதற்குள் உப்பு இருந்தது. நசுங்காமல் இருந்த எலுமிச்சம்பழங்களும் அப்போது பார்த்து நசுங்கின. "அக்கா, கடுகு மட்டும்தான் தாளிக்கல" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இனி தள்ளுவது ஒன்றுதான் வழி. ஐந்து பேரும் தள்ள வேண்டும், அப்படியென்றால் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவருக்கு மனசே இல்லை. "சும்மா புடிச்சுக்கோ. ஆக்ஸிலேட்டர லேசா தொட்டா போதும்" என்றார். இன்டர்வியூ கோட்டோடும் ரப்பர் பூட்ஸோடும் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் ஐந்து தலைகள் தெரிந்தன. மெதுவாகத் தொட்டேன். ஐந்து பேரும் முக்கினார்கள். டயர் எதையோ கவ்வியது. வண்டி எகிறி வெளியே வந்தது.

"நிறுத்தாதே, நிறுத்தினா மறுபடி மாட்டிக்கும்" என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

நான் நிறுத்தவில்லை. லாட்டின் வாசல்வரை போய் நிற்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாசல் வந்தபோது பிரேக்கைத் தொட்டதும் வண்டி நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அந்த டயருக்கு ஆழமான பனியில் இழுத்துக்கொண்டு ஓடத் தெரியும், இறுகிய பனியில் நிற்கத் தெரியாது என்று அந்த இடத்தில் புரிந்துகொண்டேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி ரோட்டுப் பக்கம் திரும்பியது. கண்ணாடியில் என் கணவர் முழங்கால் பனியில் கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார், பிறகு சிறிதாகிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ரோட்டில் பனியைத் தள்ளி உப்புப் போட்டிருந்தார்கள். அங்கே டயர் மறுபடி கிரைண்டர் சத்தம் போட ஆரம்பித்ததும் எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அமெரிக்காவில் அதுவரை இருந்ததில்லை.

கம்பெனி வாசலில் ஒரே ஒரு ஆள் பனியை வாரிக்கொண்டிருந்தார். மேனேஜர். இறங்கி என் பெயரைச் சொன்னேன். "வண்டியை நிறுத்த முடியாதவர் நீங்கள்தானா?" என்றார். ஆபீஸுக்கு விடுமுறை, வரவேண்டாம் என்று சொல்ல அவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்திருக்கிறார். மேலே ஓடிவந்து போனை எடுத்த என் கணவர், அவள் கிளம்பிவிட்டாள், இனி அவளால் நிறுத்த முடியாது என்று மூச்சிரைக்கச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் பயந்துபோய், கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில்தான் தன் வீடு என்பதால், பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாராம்.

ஹீட்டர் போடாத அறையில் இருவரும் கோட்டோடு உட்கார்ந்தோம். படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கேட்டார். பிறகு இன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டார். இறுகிய ரப்பர், டயருக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழம், பனி அடைத்த பள்ளம், பின்னும் முன்னும் போய்த் தேய்த்தது, வெந்நீர் ஏன் தப்பு, உப்பு ஏன் சரி, எவ்வளவு போதாது, ரவை எதுவரை வேலை செய்தது என்று வரிசையாகச் சொன்னேன். எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்டபோது, அது என் கணவருடைய துறை என்றேன். அவர் சிரித்து முடிக்க நேரம் ஆயிற்று. ஒரு பரிசோதனை எங்கே கெட்டுப்போனது என்று இப்படிச் சொல்லத் தெரிந்தவர்தான் தங்களுக்கு வேண்டும், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்.

திரும்பி வந்தபோது என் கணவரும் பேச்சுலர்களும் லாட்டில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குப் பனியை அள்ளி வைத்துக் காத்திருந்தார்கள். இறங்கு, நான் பார்க் செய்கிறேன் என்று சைகை காட்டினார். நானே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"வேலை கெடச்சுடுச்சு. திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்" என்றேன்.

பேச்சுலர்கள் கைதட்டினார்கள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னேன்ல, டயர்தான் விஷயம்னு" என்றார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. எங்களிடம் இருந்தது ஒரே வண்டி. "அப்ப நான் ஆபீஸுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"நான் டிராப் பண்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை லஞ்ச் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், நான் ஸ்டார்ட் செய்த பிறகும் சீட் பெல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.