ஒற்றைக் காதின் சிபாரிசு

பழைய ராக் இசைத்தட்டுகள் விற்கும் அந்தக் கடையில் அவளை எல்லோரும் ராக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தூசி தட்டும் வேலைக்கென்று சின்ன வயதில் வந்தவள், தட்டிய ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டாள். அத்தோடு சரி, வேறு எங்கும் வேலைக்குப் போகவில்லை. இந்தக் காட்டுக் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தால் எவன் உன்னைக் கட்டிக்கொள்வான் என்று அண்ணன் அலுத்துக்கொண்டபோது, "நல்லா கத்தத் தெரிஞ்சவனா ஒருத்தனைக் கூட்டிட்டு வா, பாக்கலாம்" என்றாள். அண்ணன் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

அவள் எழுதி ஒட்டும் சீட்டுகளுக்காகவே ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஆல்பத்தின் உறையிலும் ஒன்று இருக்கும். 'முதல் பக்கம் சுமார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் போடுங்கள்.' 'இது பிடித்தால் இவர்களுடைய மேடைக் கச்சேரிப் படத்தையும் பாருங்கள். பாடகர் எழுதிய சுயசரிதையை மட்டும் தொடாதீர்கள், முக்கால்வாசி புளுகு.' முழுசாகக் கேட்காமல் ஒரு சீட்டும் எழுதியதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு, இருந்தால்தான் என்ன?

ஒருநாள் ஒரு பழைய ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதினாள்: 'பாடகர் வாயே திறக்கவில்லை. முழுக்க முழுக்க கித்தார். புண்ணியவான்கள்.' வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்து நின்றார்.

"அக்கா, ஒருத்தன் ஆரம்பத்துலேர்ந்து தொண்டை கிழியப் பாடுறான். நீங்க இதைக் கேட்டீங்களா, இல்லையா?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. சுருக்கென்றது. அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் போட்டாள். கித்தார்தான். டிரைவர் ஹெட்போனை வாங்கிக் கேட்டு, "பாடுறானே" என்று அவள் தலையில் மறுபடி மாட்டிவிட்டார். அவசரத்தில் இடதும் வலதும் மாறிப்போயின. இப்போது பாட்டு கேட்டது, கித்தாரைக் காணோம்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவு சிலதில் குரலை ஒரு காதுக்கும் வாத்தியங்களை மறு காதுக்கும் பிரித்து வைத்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தன் இடது காது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது என்பதுதான் தெரியாது. நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று.

"நாளையிலேர்ந்து நீங்க பில் போடுங்க. சீட்டெல்லாம் என் மச்சான் கம்ப்யூட்டர்ல பாத்து அடிச்சுடுவான். காது கேக்காத ஆள் பாட்டு சிபாரிசு பண்றாங்கன்னு ஊரே சிரிக்கும்."

காது போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. வீட்டுக்குப் போய் அழுதாள். இனி எழுதுவதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடுமோ என்று பயந்தாள். அந்தச் சீட்டுகளை விட்டால் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? அழுது முடித்ததும் கோபம் வந்தது.

காலையில் கடைக்கு வந்தால், மச்சான் அடித்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'காலத்தால் அழியாத படைப்பு. அவசியம் கேளுங்கள்.' அவள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கசக்கினாள். முதலாளி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அவனுக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. அதுல ஒண்ணாலயாவது இதைக் கேட்டானான்னு கேளுங்க."

முதலாளிக்குப் பின்னால் வந்து நின்ற மச்சான் செல்போனை நோண்ட ஆரம்பித்தான்.

அவள் பில் போடும் மேஜைப் பக்கமே போகவில்லை. ஓர் ஆல்பத்தை எடுத்து ஒருமுறை கேட்டாள். பிறகு ஹெட்போனை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டாள். வேலை இரட்டிப்பாயிற்று, ஆகட்டும். புதுச் சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஒற்றைக் காதால் இரண்டு தடவை கேட்டு எழுதியது.' உறையில் ஒட்டி, தெருவிலிருந்தே தெரியும்படி கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினாள். சிரிக்கிற ஊர் நன்றாகப் படித்துவிட்டே சிரிக்கட்டும்.

அடுத்ததை எடுத்து ஊசியை வைத்தபோது முதலாளி இடது பக்கம் வந்து நின்று என்னவோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். அவள் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டாள்.

"பில் மேஜைக்குப் போங்கன்னு சொன்னேன்."

"நல்லா கேட்டுச்சு. போக மாட்டேன்" என்றாள். "வெளிய அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. வாசல்ல நின்னு சொல்லுவேன், எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாதுன்னு."

பேச்சில் பாட்டு கொஞ்சம் ஓடிப்போயிருந்தது. அவள் ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தாள்.